இவருக்கு இது குறைவு

குருதி கொடுத்தே கூடம் வளர்த்த குணக்குன்றே, அளந்து பேசி அளந்தே வாழ்ந்த அண்ணலே, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவிட்ட செம்மலே, எண்ணை எழுதி எண்ணத்தை எழுதாத எங்கள் ஏந்தலே, நோய் எதிர்ப்பியல் ஆய்வுக்கூடத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து இன்று ஓய்வு பெறும் தங்களுக்கு எங்கள் வணக்கம்.

மேற்கண்ட விளிகளில் ஒன்றையும் தாங்கள் ஏற்க மாட்டீர்கள். குன்று என்றால் எத்தனை மீட்டர் என்று கேட்பீர்கள். கண்ணாடிச் சட்டம் போடுபவர், மேலே நாலு வரி கனமாக இல்லாவிட்டால் சுவரில் எடுபடாது என்று சொன்னதால் சேர்த்தோம். இனி வருவனவற்றுக்கெல்லாம் ஆதாரம் உண்டு.

பாராட்டு மடல் என்பது, விடைபெறுபவரைப் பற்றிய செய்திகளை, அவர் எழுந்து போக முடியாத ஓரிடத்தில் உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் சொல்வது. அந்த வசதியை இன்று ஒரு காரியத்துக்காகப் பயன்படுத்திக்கொள்கிறோம். நாளை முதல் தாங்கள் இந்தக் கூடத்துக்கு வர வேண்டியதில்லை. வர வேண்டாதவர் ஒருநாள் வராமல் இருந்தால், அவர் வீட்டில் நலமாக இருக்கிறாரா, விழுந்து கிடக்கிறாரா என்று கவனிக்க இந்த ஊரில் ஒருவரும் இல்லை. சென்ற ஆண்டு தங்களைச் சாய்த்த தொற்று மறுபடி வந்தால், இம்முறை காய்ச்சல்கூடக் காட்டாமல் வரலாம் என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் சொல்லியிருக்கிறார். எங்கள் கவலை இது ஒன்றுதான். இதற்கு நாங்கள் சொன்ன வழிகளையெல்லாம் தங்கள் அறை வாசலில் தாங்கள் மறுத்தாகிவிட்டது. ஆகவே மிச்சமுள்ள ஒரு வழியை மேடையில் சொல்கிறோம். முன்வரிசையில் மருத்துவமனை முதல்வர் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறோம்.

இயல்புக்கு இலக்கணமாய் இருந்தவரே,

அவையோருக்காக ஒரு விளக்கம். நோயாளியின் குருதியை எங்கள் கருவியில் ஓட்டும்போதெல்லாம் அதன் பக்கத்தில் நலமான ஒருவரின் குருதியையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சாயம் சரியா, கருவி சரியா என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி. பிற கூடங்களில் பணியாளர்கள் முறை வைத்துக் கை நீட்டுவார்கள். நாங்களும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தோம். ஆனால் நலமான ஆள் என்பவர் கிடைப்பது கடினம். ஒருவர் வீட்டில் குழந்தைக்குச் சளி. ஒருவருடைய மாமனாருக்கு இருமல். இன்னொருவர் முந்தின நாள் கல்யாண வீட்டில் கண்டவர் கையையெல்லாம் குலுக்கிவிட்டு வந்து காலையில் தும்முகிறார். குடும்பம் உள்ளவரின் குருதியை எடுத்தால் குடும்பமே கருவியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். யாரோடும் சேராததால் எதுவும் ஒட்டாதவராகக் கூடத்தில் இருந்தவர் தாங்கள் ஒருவரே. சளி பிடிப்பதற்குக்கூட ஒரு துணை வேண்டியிருக்கிறது என்ற உண்மையை இந்த அறிவியல் துறைக்குத் தங்கள் வாழ்க்கையால் மெய்ப்பித்தீர்கள்.

ஆகவே செவ்வாய்க்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு, வலக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு தாங்கள் வருவீர்கள். எங்கள் முதுநிலை நுட்பர், கூடம் முழுவதற்கும் அக்காவானவர், ரப்பர் பட்டையைக் கட்டுவார். இருபது ஆண்டுகளாக நடந்த உரையாடல் இது.

"சார், கை."

"ம்."

"முடிஞ்சுது சார்."

"லேபிள் ஒட்டு."

"என் வீட்டுக்காரர்கிட்ட இந்த ஒழுங்க எதிர்பார்த்தா முடியுமா?" என்று அக்கா அடிக்கடி சொல்வார். முதுகுக்குப் பின்னால் தங்களுக்கு 'நார்மல்' என்று பெயர். "நார்மல் வந்தாச்சா?" "நார்மல் இன்னிக்கு ஒரு மாதிரி இருக்காரு, கிட்ட போகாத." இப்படியாக, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடும், கதவின் கண்ணாடியில் பழைய செய்தித்தாளை ஒட்டிவைத்திருக்கும், பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னால் "யார் சொன்னது?" என்று விசாரிக்கும் ஒரு மனிதர், இந்த மருத்துவமனையின் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு இயல்பின் அளவுகோலாக இருந்தார். பட்டை கட்டி அவிழ்க்கும் அந்தச் சில நிமிடங்கள்தாம், வாரம் முழுவதிலும் இன்னொரு மனிதரின் விரல் தங்கள் மேல் படும் நேரம் என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. நாங்கள் குழல்களை எண்ணிக்கொண்டிருந்தோம்.

எண்ணுக்கு எல்லை வகுத்த எந்தையே,

தங்கள் ஆட்சியில் ஒரே சட்டம். எண்ணை எழுது, எல்லையை எழுது, கருத்து எழுதாதே. "நீங்க கருத்து எழுதினா டாக்டர் அதப் படிச்சிட்டு எண்ணப் பார்க்க மாட்டார்" என்பது தாங்கள் சொன்ன காரணம். அதில் நியாயம் இருந்தது. ஒருமுறை ஓர் அறிக்கையின் ஓரத்தில் 'நன்று' என்று எழுதிய இளையவர் ஒருவர், அந்த ஒரு சொல்லுக்காகத் தங்கள் அறையில் அரை மணி நேரம் நின்றார். வெளியே வந்தவருக்குப் பிறகு ஒரு மாதம் எதுவுமே நன்றாகப் படவில்லை.

தாங்கள் எங்களுக்குக் கற்பித்த பாடத்தை அவையோருக்கும் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடும் தொற்று வரும்போது ஆளைக் கொல்வது பல நேரங்களில் கிருமி மட்டுமன்று, கிருமியைக் கண்டு உடல் போடும் ஆட்டமும்தான். விடுதியில் ஓர் எலி நுழைந்தது என்று வைத்துக்கொள்வோம். எல்லா அறை மாணவர்களும் விளக்குமாறு, வாளி, கட்டில் சட்டம் சகிதம் ஒரே நேரத்தில் ஓடிவந்து, படிக்கட்டை அடைத்து, குழாயை உடைத்து, ஒருவர் மண்டையில் ஒருவர் அடித்துக்கொண்டால் அது முதல் கட்டம். குருதிக்குழாய்கள் கசிகின்றன, நுண்ணிய வழிகள் அடைபடுகின்றன, நுரையீரலும் சிறுநீரகமும் இடையில் மாட்டிக்கொள்கின்றன. எலி பத்திரமாக இருக்கிறது.

இரண்டாவது கட்டம் அமைதியானது. அடித்துக் களைத்த மாணவர்கள் அறைக்குப் போய்த் தாழிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்கிறார்கள். அடுத்த எலி வருகிறது, ஒருவரும் எழுவதில்லை. குருதியில் ஒரு வகை வெள்ளையணு உண்டு. கிருமியை விழுங்கி, அதன் துண்டு ஒன்றைத் தன் மேற்பரப்பில் தூக்கிப் பிடித்து, "பாருங்கள், இதுதான் வந்திருக்கிறது" என்று மற்ற அணுக்களுக்குக் காட்டுவது அதன் பணி. இரண்டாவது கட்டத்தில் அந்த அணு செத்துப்போவதில்லை. எண்ணிக்கையில் குறையாமலேயே இருக்கும். ஆனால் தூக்கிப் பிடிக்கும் கைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். யாருக்கும் எதையும் காட்டாது. அந்தக் கைகளை எண்ணுவதுதான் எங்கள் பிழைப்பு.

முதல் கட்டத்தில் இருப்பவருக்கு எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து உயிர் கொடுக்கலாம். இரண்டாவது கட்டத்தில் இருப்பவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால், மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு காவலரையும் வீட்டுக்கு அனுப்பியதாக ஆகும். இரண்டு கட்டங்களும் ஒரே உடம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக நடப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். படுக்கையில் ஒருவர் கண் மூடிக் கிடப்பார்.

தவறாத தகைமையாளரே,

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை தாங்கள் வரவில்லை. முதலில் கூடத்துக் கடிகாரத்தைச் சந்தேகித்தோம். அதற்குப் புது மின்கலம் போட்டோம். பிறகும் வரவில்லை. அக்கா பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"வீட்டுக்கு யாராவது போய்ப் பாருங்கப்பா."

"வீடு எங்கக்கா?" என்றார் உறைபெட்டிகளைக் காக்கும் ஃப்ரீசர் அண்ணன்.

அப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தங்கள் குருதி வகை எங்களுக்குத் தெரியும். எந்த அணு எத்தனை விழுக்காடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். தெரு தெரியாது. வாயில்காவலர்தான் தாங்கள் ஏறும் பேருந்தைச் சொன்னார், நடத்துநர் இறங்கும் இடத்தைச் சொன்னார், அங்கே ஒரு மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி என்று கை காட்டினார். கண்ணாடிக் கடைக்காரர் எங்களை வியப்போடு பார்த்தார்.

"மேல ஆள் இருக்காங்களா? காலியா இருக்குன்னுல்ல நெனச்சேன்."

"எத்தன வருஷமா கடை வச்சிருக்கீங்க?"

"அது ஆச்சு, ஒம்பது வருஷம்."

மாடியில் அழைப்புமணியை அழுத்தினோம். ஒலிக்கவில்லை. மறுபடி அழுத்தினோம். கீழே பார்த்தால் பித்தானுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த கம்பி எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளினோம், திறந்துகொண்டது. வாசலை ஒட்டிய நாற்காலியில், வெளியே புறப்பட்ட கோலத்தில், ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் தரையிலுமாகத் தாங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். வலக்கைச் சட்டை மடித்துவிடப்பட்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"மணி என்ன?" என்றீர்கள். "சாம்பிள் கெட்டுடும்."

நுரையீரலில் தொடங்கிய தொற்று குருதியில் இறங்கியிருந்தது. இரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகம் வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர், தங்களைவிட மிக இளையவர், படுக்கையருகில் நின்றுகொண்டு எங்களைக் கேட்டார்.

"இவர் வழக்கமா எப்படிப் பேசுவார்? இப்பக் குழம்பிப் போயிருக்காரா, தெளிவா இருக்காரான்னு எனக்குத் தெரியணும்."

தாங்கள் அப்போது கண்ணைத் திறக்காமல், "லேபிள் ஒட்டினியா, லேபிள் ஒட்டினியா" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

"தெளிவாத்தான் இருக்காரு டாக்டர்," என்றார் ஃப்ரீசர் அண்ணன். "வழக்கமா இதத்தான் சொல்வாரு."

"வேற ஏதாவது பேசுவாரே. வீட்டப் பத்தி, சாப்பாட்டப் பத்தி?"

"பேசினதில்ல டாக்டர்."

"கூட இருக்கிறவங்க யாரு?"

நாங்கள் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தோம். நான்கு பேரும் மற்ற மூவரைப் பார்த்தோம்.

தனக்குத் தானே நிகரானவரே,

இந்த விளி எல்லா மடல்களிலும் வருவதுதான். மெய்யான பொருளில் இதற்கு உரியவர் இந்த உலகில் தாங்கள் ஒருவராகவே இருக்கக்கூடும். அது எப்படி என்று சொல்கிறோம்.

நான்காம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. உடல் இன்னும் கொந்தளிப்பில்தான் இருக்கிறது என்று மருத்துவர் கருதினார். தணிக்கும் மருந்தை அன்று மாலையே தொடங்குவதாக இருந்தது. அதற்கு முன் ஓர் உறுதிக்காகத் தங்கள் குருதியைத் தங்கள் கூடத்துக்கே அனுப்பினார். ஓர் அணுவுக்குப் பதினைந்தாயிரம் கைகளுக்கு மேல் இருந்தால் இயல்பு என்பது எங்கள் கூடத்தில் தாங்கள் வகுத்த எல்லை. தங்களுக்குப் பதினேழாயிரம் வந்தது. அன்று பக்கத்தில் ஓட்ட நலமான குருதி வேண்டுமே என்று ஃப்ரீசர் அண்ணன் கை நீட்டினார். தங்கள் இடத்தில் வேறொருவர் கை நீட்டியது இந்த இருபது ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

சட்டப்படி வேலை முடிந்தது. பதினேழு, எல்லைக்குள், அனுப்பு. எண்ணை எழுதியாயிற்று, எல்லையை எழுதியாயிற்று. அக்கா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். இருபது ஆண்டுகளில் எந்தச் செவ்வாயும் தங்களுக்கு நாற்பதாயிரத்துக்குக் கீழே போனதில்லை என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். தங்கள் அணுக்கள் மட்டும் எப்போதும் அத்தனை கைகளை வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. ஊரார் அளவில் பதினேழு நலம். தங்கள் அளவில் பாதிக்கு மேல் கைகள் உள்ளே போய்விட்டன.

அக்கா பேனாவை எடுத்தார்.

"அக்கா, கருத்து எழுதாத. சார் எழுந்து வந்தா திட்டுவாரு."

"எழுந்து வரட்டும். வாங்கிக்கிறேன்."

எல்லைக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதினார்: இவருக்கு இது குறைவு. தாள் மேலே போன சிறிது நேரத்தில் தொலைபேசி வந்தது.

"குறைவுன்னா என்ன அர்த்தம்? எல்லைக்குள்ளதானே இருக்கு?"

"அது ஊருக்கு எல்லை, டாக்டர். இவரு எப்பவும் நாப்பதுக்கு மேல."

"உறுதியா?"

"செவ்வாய்க்குச் செவ்வாய் நான்தானே எடுக்கிறேன்."

"இவர் வழக்கமா எப்படி இருப்பார்னு எல்லாரையும் கேட்டுப் பார்த்துட்டேன். ஒருத்தருக்கும் தெரியல."

"பேச்சு தெரியாது டாக்டர். இது தெரியும்."

"பழைய எண் எல்லாத்தையும் அனுப்புங்க. மருந்த நிறுத்தி வைக்கிறேன்."

இரண்டு நாளில் பதினேழு ஒன்பதாயிற்று. அணுக்கள் தாழிட்டுக்கொண்டிருந்தன. அடங்கிப்போன உடம்பில் அடுத்த கிருமி ஓசைப்படாமல் வரும் என்பதால், அது வரும் முன்பே மருத்துவர் தேடினார். காய்ச்சல் இறங்கிவிட்டது, உடல் தேறுகிறது என்று எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருந்த அன்றைக்கே, தங்கள் நுரையீரலில் ஒரு பூஞ்சை குடித்தனம் தொடங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார். காய்ச்சல் இறங்கியதற்குக் காரணம் நலமன்று, எதிர்க்க ஆளில்லாமை. அந்த மாலை தணிக்கும் மருந்து உள்ளே போயிருந்தால் இந்த மேடைக்கு இன்று வேறு வகை மடல் எழுதியிருப்போம். அதற்கும் இதே சட்டக்காரர்தான் கண்ணாடி போட்டிருப்பார்.

இன்னொரு செய்தி. இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டோம், சொல்கிறோம். தங்கள் கைபேசியில் கூடத்து எண்களைத் தவிர வேறு ஒரே ஓர் எண் இருந்தது. அக்கா அதை அழைத்தார். தங்கள் தங்கை எடுத்தார்.

"அண்ணன் கூப்பிடச் சொன்னாரா?"

"இல்லம்மா, அவருக்கு நினைவே இல்ல."

"அப்ப எழுந்ததும் அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க. கேக்காம வந்தா கோவிச்சுக்குவாரு."

சொல்லிவிட்டு மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். கேட்காமல்தான் வந்தார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தங்கள் அணுக்களின் கைகள் எண்ணிக்கையில் திரும்பத் தொடங்கும் வரை உட்கார்ந்திருந்தார். எண் ஏறுகிறது என்று அக்கா சொன்னதும் எழுந்துகொண்டார்.

"கண்ணு முழிச்சதும் பாத்துட்டுப் போங்கம்மா."

"வேணாம். 'யார் வரச் சொன்னது'ன்னு கேப்பாரு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல."

அவருடைய எண் தங்கள் கைபேசியில் இன்னும் இருக்கிறது. நாங்கள் அழிக்கவில்லை. தாங்களும் அழிக்கவில்லை என்று கண்டோம்.

மீண்டு வந்த மேலவரே,

பணிக்குத் திரும்பிய முதல் நாள் தாங்கள் செய்த முதல் காரியம் அக்காவை அறைக்குள் அழைத்தது. கதவு சாத்தியிருந்தாலும் கண்ணாடியில் ஒட்டிய செய்தித்தாள் ஒலியைத் தடுப்பதில்லை.

"ரிப்போர்ட்ல கருத்து எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"இனிமே எழுதக் கூடாது."

"சரி சார்."

கருவியின் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன எழுதினே?"

"'இவருக்கு இது குறைவு'ன்னு எழுதினேன் சார்."

அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தார். அன்று தாங்கள் சாப்பாட்டுப் பையைத் திறக்கவே இல்லை என்று அறையைப் பெருக்குபவர் சொன்னார்.

அடுத்த செவ்வாய் வழக்கம்போல வந்து கை நீட்டினீர்கள். எண்ணைப் பார்த்தீர்கள். இருபத்தெட்டு. ஊராருக்குத் தாராளம். தாங்களோ, "இது இனிமே நார்மல் இல்ல. வேற ஆளப் பாருங்க" என்று சொல்லித் தங்களைத் தாங்களே பணிநீக்கம் செய்துகொண்டீர்கள். எங்கள் துறையில் இத்தனை நேர்மையான ஆணையை யாரும் பிறப்பித்ததில்லை, இத்தனை துயரமான ஆணையையும்தான். அன்று முதல் ஃப்ரீசர் அண்ணன் கை நீட்டுகிறார், வாரம் விட்டு வாரம் தும்முகிறார். ஒன்பது மணிக்குத் தாங்கள் அறையிலிருந்து வெளியே வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போகிறீர்கள். சட்டைக் கையை மடிப்பது மட்டும் நிற்கவில்லை. அதைப் பற்றி இங்கே ஒருவரும் கருத்துச் சொன்னதில்லை.

மறுப்பதில் மன்னரே,

எங்கள் விண்ணப்பங்களையும் அவற்றின் கதியையும் அவையோர் அறிய வேண்டும்.

"தினமும் போன் பண்றோம் சார்."

"பண்ணி?"

"சும்மா, எப்படி இருக்கீங்கன்னு கேக்க."

"எப்படி இருக்கேன்னு எனக்கே தெரியாதுன்னுதானே அந்த டாக்டர் சொல்றாங்க. உங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?"

அறிவியல்படி இதற்கு மறுமொழி இல்லை. அடுத்து ஃப்ரீசர் அண்ணன் தம் வீட்டு மாடியறையைத் தருவதாகச் சொன்னார்.

"சத்தம் இருக்குமா?"

"மூணு பிள்ளைங்க சார்."

"அப்ப வேண்டாம்."

மின்பணியாளரைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கள் அழைப்புமணிக்குக் கம்பி சேர்த்துக் கொடுத்தோம். கீழே கண்ணாடிக் கடைக்காரர்கூட மேலே வந்து ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். பதினைந்து நாள் கழித்து அழுத்தினால் ஒலிக்கவில்லை. "சும்மா கிடக்குற மணிக்கு எதுக்குக் கம்பி?" என்று கழற்றிவிட்டிருந்தீர்கள். எவரும் வராத வீட்டில் ஒலிக்காத மணியைவிட, ஒலிக்கக்கூடிய மணி அதிகத் தொந்தரவு என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டோம். அதற்குப் பிறகு வேறு ஒன்றையும் தங்கள் வீட்டில் பூட்டுவதில்லை என்று முடிவு செய்தோம்.

ஆகவே இனி நாங்கள் சொல்வது அன்பினால் அன்று. அன்பு என்றால் தாங்கள் ஆதாரம் கேட்பீர்கள். இது ஆய்வுத் திட்டம்.

கடும் தொற்றிலிருந்து மீண்டவரின் எதிர்ப்பாற்றல் எத்தனை காலத்தில் பழைய நிலைக்கு வருகிறது, வருகிறதா என்று எங்கள் கூடத்தில் எவரையும் தொடர்ந்து பார்த்ததில்லை. மீண்டவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், நாங்கள் அடுத்த நோயாளிக்குப் போய்விடுகிறோம். பார்த்தாலும் பயன் குறைவு. நோய்க்கு முன் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? நோய்க்கு முந்தைய இருபது ஆண்டு எண்கள் கைவசம் இருக்கும் ஒரே மனிதர் தாங்கள். இருபத்தெட்டு நாற்பதாகுமா என்பது தங்களுக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வாரம் ஒருமுறை ஒரு குழல் குருதி வேண்டும். மீண்டவர்களைத் தொடரும் இந்தத் திட்டத்துக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் கையெழுத்திட்டிருக்கிறார். முதல்வர் நேற்று ஒப்புதல் அளித்தார். எதற்கு ஒப்புதல் அளித்தோம் என்பது அவருக்கு இப்போதுதான் முழுமையாக விளங்கியிருக்கும், பொறுத்தருள்வாராக. தாங்கள் மறுக்கலாம். ஆனால் அறிவியல் காரணம் சொல்லி மறுக்க வேண்டும். தேடிப் பார்த்தோம், எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இயல்பானவர் என்ற பதவியிலிருந்து தங்களுக்கு ஓய்வு. மீண்டவர் என்ற பதவிக்கு நியமனம். ஊதியம் இல்லை, பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. நலமா என்று யாரும் கேட்க மாட்டார்கள், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். அக்கா கையைப் பிடிப்பார். அக்காவும் ஒருநாள் ஓய்வு பெறுவார், அப்போது வேறொருவர் பிடிப்பார். எண்ணைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நூறாண்டு வாழ்க என்று முடிப்பது மரபு. அளவிடாத ஒன்றைத் தாங்கள் படித்த பிறகு தாளில் விட்டுவைத்ததில்லை, ஆகவே அதை எழுதவில்லை. எழுதக்கூடியதை எழுதுகிறோம். என்றாவது ஒரு செவ்வாய்க்கிழமை தாங்கள் வர மாட்டீர்கள். எல்லோருக்கும் அப்படி ஒரு செவ்வாய் உண்டு. அன்று கடிகாரத்தைச் சந்தேகிக்க மாட்டோம். எந்தப் பேருந்து, எந்தத் தெரு, எந்த மாடி என்று எவரையும் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டோம். பத்து மணிக்குள் எங்களில் யாராவது ஒருவர், மூச்சு வாங்கிக்கொண்டு, தங்கள் வாசலில் நிற்பார்.

தங்கள் குருதியை அறிந்த,
தங்களை அறியாத,
நோய் எதிர்ப்பியல் ஆய்வுக்கூடப் பணியாளர்கள்